ஒரு ரூபாயைக் காட்டும் வட்டம்: தொடக்ககாலக் கணிப்பொறியும் புள்ளிவிவரப் படமும்

மத்திய அரசின் வரவு செலவுத் திட்ட ஆவணங்களுள் பொதுமக்களின் கண்ணில் முதலில் படுபவை இரண்டு வட்டங்களே. ஒன்று, அரசுக்கு வரும் ஒரு ரூபாய் எவ்வெவ்வழிகளில் வருகிறது என்பதைக் காட்டுகிறது. மற்றொன்று, அந்த ரூபாய் எவ்வெவ்வினங்களுக்குச் செல்கிறது என்பதைக் காட்டுகிறது. பல நூறு பக்க அட்டவணைகளைப் படிக்க நேரமில்லாதவரும் இவ்விரு வட்டங்களைப் பார்த்தே நாட்டின் நிதிநிலை பற்றி ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்கின்றனர். ஆகவே, இத்தகைய வட்ட விளக்கப்படம் எவ்வாறு உருவாகிறது, அது எதைச் சரியாகக் காட்டும், எதைக் காட்டாது என்பதை மாணவரும் அலுவலரும் அறிந்திருப்பது அவசியமாகும். 1980-களில் தனியாள் கணிப்பொறிகள் அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது இப்பணி எவ்வாறு மாறியது என்பதை ஆராய்ந்தால் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

வட்டத்தின் கணக்கு

வட்ட விளக்கப்படத்தை முதன்முதலில் அச்சில் வெளியிட்டவர் ஸ்காட்லாந்து நாட்டவரான வில்லியம் பிளேஃபேர் ஆவார். 1801-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலில், துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்னும் மூன்று கண்டங்களில் பரவியிருந்த விகிதம் ஒரே வட்டத்தின் மூன்று கூறுகளாகக் காட்டப்பட்டது.

இதற்கு அடிப்படையான கணக்கு மிக எளியது. வட்டத்தின் மையத்தைச் சுற்றி 360 பாகைகள் உள்ளன. எனவே நூற்றில் ஒரு பங்கிற்கு 3.6 பாகை கிடைக்கும். 2023-24-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஒரு ரூபாய் வரவில் கடனும் பிற பொறுப்புகளும் 34 பைசா. சரக்கு மற்றும் சேவை வரி 17. வருமான வரி 15. நிறுவன வரி 15. மத்திய கலால் வரி 7. வரியல்லாத வருவாய் 6. சுங்க வரி 4. கடனல்லாத மூலதன வரவு 2. இவற்றை 3.6-ஆல் பெருக்கினால் முறையே 122.4, 61.2, 54, 54, 25.2, 21.6, 14.4, 7.2 பாகைகள் கிடைக்கின்றன. கூட்டுத்தொகை சரியாக 360 ஆகும்.

கவராயமும் பாகைமானியும் கொண்டு கையால் வரைந்த காலத்தில் பாகையின் பின்னத்தை அளப்பது எளிதன்று. மேற்கண்ட கோணங்களை முழு எண்களாக்கினால் 122, 61, 54, 54, 25, 22, 14, 7 எனக் கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகை 359 மட்டுமே. எஞ்சிய ஒரு பாகையை எந்தக் கூறில் சேர்ப்பது என்பதை வரைபவரே முடிவு செய்யவேண்டும். அட்டவணையில் ஓர் எண் மாறிவிட்டாலோ படம் முழுவதையும் மீண்டும் வரைய நேரிடும்.

கணிப்பொறியின் வருகை

இந்த உழைப்பைக் குறைத்தவை தனியாள் கணிப்பொறிகளுக்கென எழுதப்பட்ட விரிதாள் மென்பொருள்களும் அவற்றோடு இணைந்த வரைபட மென்பொருள்களும் ஆகும். 1979-இல் வெளிவந்த விசிகால்க் என்னும் விரிதாள் கணக்கிட மட்டுமே வல்லது. அதன் எண்களைப் படமாக்குவதற்கென விசிபிளாட் என்னும் தனி மென்பொருளை மிட்ச் கபோர் உருவாக்கினார். அது 1981-இல் விற்பனைக்கு வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியும் அதே ஆண்டில் வெளியாயிற்று. பின்னர் கபோர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம், 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்னும் மென்பொருளை வெளியிட்டது. கணக்கிடல், தகவல் தொகுப்பு, வரைபடம் ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன.

இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் 1976-இலேயே நிறுவப்பட்டிருந்தது. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணிப்பொறிக் கொள்கை இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. அதன் பின்னர் தனியாள் கணிப்பொறிகள் அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் படிப்படியாகப் பரவின.

படம் உருவாகும் முறை

லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் வட்டப்படம் வரையும் முறை பின்வருமாறு. விரிதாளின் ஒரு பத்தியில் இனங்களின் பெயர்களும் அடுத்த பத்தியில் அவற்றிற்குரிய தொகைகளும் பதிவு செய்யப்படும். சாய்கோட்டு விசையை அழுத்தினால் திரையின் மேற்பகுதியில் கட்டளைப் பட்டியல் தோன்றும். அதில் வரைபடம் என்பதையும், வரைபட வகைகளுள் வட்டம் என்பதையும் தெரிவு செய்யவேண்டும். பின்னர் தொகைகள் உள்ள பத்தி 'ஏ' தொடராகவும், பெயர்கள் உள்ள பத்தி 'எக்ஸ்' தொடராகவும் குறிக்கப்படும். சதவீதங்களை மென்பொருளே கணக்கிட்டு ஒவ்வொரு கூறின் பெயருக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் காட்டிவிடும். பாகைமானிக்கு வேலையே இல்லை.

1985-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மேலும் ஒரு வசதி சேர்ந்தது. 'பி' தொடரில் இடப்படும் குறியீட்டு எண்கள் ஒவ்வொரு கூறுக்கும் உரிய கோட்டு நிரப்பலைத் தீர்மானித்தன. அக்குறியீட்டுடன் 100-ஐக் கூட்டினால் அக்கூறு வட்டத்திலிருந்து சற்று வெளியே இழுக்கப்பட்டுத் தனித்துத் தோன்றும்.

அச்சிடும் முறை

திரையில் தெரிந்த படத்தை அங்கிருந்தே அச்சிட இயலாது. படத்தை முதலில் தனிக் கோப்பாகச் சேமிக்கவேண்டும். பின்னர் விரிதாளை விட்டு வெளியேறி, பிரிண்ட்கிராஃப் என்னும் துணை மென்பொருளைத் தொடங்கி, அச்சுப்பொறியின் வகையையும் எழுத்து வடிவத்தையும் அளவையும் தெரிவு செய்து அச்சிடவேண்டும். விரிதாளிலிருந்து நேரடியாகவே படத்தை அச்சிடும் வசதி 1989-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அமைந்தது.

அலுவலகங்களில் பெரும்பாலும் இருந்தவை டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகள். நுண்ணிய ஊசிகள் மை நாடாவின்மீது மோதித் தாளில் புள்ளிகளைப் பதிப்பதே இவற்றின் செயல்முறை. மை ஒரே நிறமாதலால், கூறுகளை வேறுபடுத்தச் சாய்கோடு, குறுக்குக்கோடு, புள்ளி நிரப்பல் ஆகியவையே பயன்பட்டன. வண்ணப் படம் தேவைப்பட்டோர் பேனா கொண்டு வரையும் பிளாட்டர் என்னும் கருவியை நாடினர். ஹியூலெட் பக்கார்ட் 7475ஏ என்னும் கருவியில் ஆறு பேனாக்கள் பொருத்தப்பட்டிருந்தன.

அக்காலத்திய பரவலான அச்சுப்பொறி ஒன்றின் அடிப்படை வரைகலை நிலையில், கிடைத்திசையில் அங்குலத்திற்கு 60 புள்ளிகளும் நெடுந்திசையில் 72 புள்ளிகளும் விழும். இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரு திசைகளிலும் 120 புள்ளிகள் கொண்ட வட்டத்தை அச்சிட்டால், அதன் அகலம் 2 அங்குலமாகவும் உயரம் சுமார் 1.67 அங்குலமாகவும் அமையும். வட்டம் நீள்வட்டமாகிவிடும். கூறுகளின் பரப்பு விகிதம் இதனால் மாறுவதில்லை, கோணங்கள் மாறுகின்றன. வருமான வரியும் நிறுவன வரியும் தலா 15 பைசா, அதாவது 54 பாகை. இவற்றுள் ஒன்று பக்கவாட்டில் அமைந்தால் அது சுமார் 46 பாகையாகச் சுருங்கும். மற்றொன்று உச்சியில் அமைந்தால் சுமார் 63 பாகையாக விரியும். கோணத்தைக் கொண்டு மதிப்பிடுபவருக்குச் சமமான இரு வரிகள் சமமற்றவையாகத் தோன்றும். அச்சுப்பொறியின் வகையைச் சரியாகக் குறிப்பிடவேண்டும் என்றும், படத்தின் நீள அகலங்களை விருப்பம்போல் மாற்றலாகாது என்றும் அலுவலர்கள் கவனம் செலுத்தவேண்டியிருந்தது இதனாலேயே.

பொறி அறியாதவை

கணக்கையும் வரைதலையும் பொறி ஏற்றுக்கொண்ட பின்னரும் சில பொறுப்புகள் அலுவலரிடமே எஞ்சின.

முதலாவது, சேமிக்கப்பட்ட படக் கோப்பு அந்த நேரத்து எண்களை மட்டுமே தாங்கி நிற்கும். பின்னர் விரிதாளில் எண் திருத்தப்பட்டாலும் படம் தானாகத் திருந்தாது. ஆகவே அட்டவணையில் ஓர் எண்ணும் வட்டத்தில் வேறோர் எண்ணும் அச்சாகும் அபாயம் இருந்தது.

இரண்டாவது, வட்டம் பங்கைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. பிளேஃபேர் நாடுகளின் பரப்புக்கு ஏற்ப வட்டங்களைப் பெரிதும் சிறிதுமாக வரைந்தார். லோட்டஸ் மென்பொருளோ மொத்தத் தொகை எதுவாயினும் ஒரே அளவு வட்டத்தையே வரைந்தது. மொத்தம் இரு மடங்கானால் ஆரம் சுமார் 1.41 மடங்காக வேண்டும். இரு ஆண்டுகளை ஒப்பிட விரும்புவோர் வட்டத்தை விடுத்துப் பட்டை விளக்கப்படத்தைக் கையாள்வதே நன்று. கோணத்தைவிட நீளத்தையே மக்கள் துல்லியமாக மதிப்பிடுகின்றனர் என்பதை 1984-இல் கிளீவ்லாந்து, மெக்கில் ஆகிய இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் தம் ஆய்வில் எடுத்துக்காட்டினர்.

மூன்றாவது, எதன் பங்கு என்னும் வினா. இதுவே தலையாயது. 2023-24 மதிப்பீட்டில் கடன் 34 பைசா எனக் காணும் ஒருவர், அரசின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடனால் ஈடுகட்டப்படுவதாகக் கருதக்கூடும். ஆனால் வரிகளில் மாநிலங்களுக்குரிய பங்கும் அவ்வட்டத்தில் சேர்ந்துள்ளது. அப்பங்கை நீக்கிக் காட்டும் முதன்மை அட்டவணையிலோ, மொத்தச் செலவு சுமார் 45.03 லட்சம் கோடி ரூபாய்; கடன் சுமார் 17.87 லட்சம் கோடி ரூபாய். அதாவது மத்திய அரசின் செலவில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 கடனாகும். இரண்டு கணக்குகளும் சரியே. அடிப்படைத் தொகை வேறாதலால் பங்கும் வேறாகிறது. இதனை விளக்கும் குறிப்பு ஆவணத்தில் இடம்பெறுகிறது. ஆயினும் வட்டத்தை மட்டும் எடுத்து மறுபதிப்புச் செய்வோர் அதனை விட்டுவிட்டால் வாசகர் தவறான முடிவுக்கு வர இடமுண்டு.

மேலும், வரவு வட்டத்தில் கடனும் வரிகளைப் போலவே ஒரு கூறாக அமர்ந்திருக்கிறது. வரி திருப்பித் தரவேண்டியதன்று. கடன் திருப்பித் தரவேண்டியது. அதே ஆண்டின் செலவு வட்டத்தில் வட்டிக்கு மட்டும் 20 பைசா செல்வதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த 34 பைசாவின் பொருள் விளங்கும். ஆகவே இவ்விரு வட்டங்களையும் பிரிக்காமல் அருகருகே வெளியிடுவதே முறையாகும்.

பயன்படுத்துவோர் கருதத்தக்கவை

வட்டத்தின் கூறுகள் ஏழு அல்லது எட்டுக்கு மிகாதிருத்தல் நன்று. ஒவ்வொரு கூறுக்கும் பெயரும் எண்ணும் அருகிலேயே எழுதப்படவேண்டும். மொத்தத் தொகை, ஆண்டு, அது மதிப்பீடா உண்மைக் கணக்கா என்னும் விவரம் ஆகியவை தலைப்பிலேயே இடம்பெறவேண்டும். ஒரு கூறை வெளியே இழுத்துக் காட்டுவதாயின், துறையின் பெருமைக்குரியதைக் காட்டிலும் வாசகர் அறியவேண்டியதையே அவ்வாறு காட்டவேண்டும். அச்சுக்கு அனுப்பும் முன்னர் படத்தின் எண்களை அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிடவேண்டும்.

ஊசி முனைகள் புள்ளி புள்ளியாகப் பதித்த வட்டங்களின் இடத்தில் இன்று பல வண்ண வட்டங்கள் நொடியில் தோன்றுகின்றன. எனினும் எதனை நூறாகக் கொள்வது என்பதை இன்றும் பொறி தானாகத் தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானித்து, தீர்மானித்ததைப் படத்தின் கீழேயே எழுதிவைப்பது, பொதுப்பணத்தின் கணக்கைப் பொதுமக்கள் முன் வைக்கும் அலுவலரின் கடமையாகும்.