உள்ளூர் காரா, ஜப்பான் காரா? வியாபாரி கண்ணில் ஒரு பார்வை

கடைக்கு ஒரு குட்டியானை, வீட்டுக்கு ஒரு கார் என்ற அளவுக்கு நம் உறுப்பினர்களில் பலர் வளர்ந்திருக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசும் நாம், லட்சக்கணக்கில் கார் வாங்கும்போது மட்டும் மைத்துனர் சொன்னதையும் பையன் சொன்னதையும் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். "நம் நாட்டுக் கார் வாங்கலாமா, ஜப்பான் கார் வாங்கலாமா?" என்பது சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் வேளையில் தவறாமல் வரும் கேள்வி.

நாம் கார் வியாபாரி அல்ல, மளிகை மொத்த வியாபாரி. ஆனால் ஒரு சரக்கு ஏன் ஓடுகிறது, இன்னொன்று ஏன் தேங்குகிறது என்பதைப் பார்ப்பதே நம் தொழில். அந்தக் கண்ணோடு, பின்னால் டிக்கி வைத்த குடும்பக் கார்களை, அதாவது செடான் என்பவற்றை மட்டும் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கொரியக் கம்பெனிக் கார்களின் கதை தனி. அதற்குள் இப்போது போகவில்லை.

முதலில் 'உள்ளூர்' என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். அம்பாசிடரை நம் நாட்டுக் கார் என்கிறோம். அதன் உருவம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காருடையது. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அதைத் தயாரித்தது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி தயாரித்த பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. ஒப்பந்தம் முடிந்து 1970-களில் சித்தூர் ராணியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஆனால் ஜனங்கள் கடைசிவரை 'ஃபியட்' என்றுதான் சொன்னார்கள். எந்த வனஸ்பதியைக் கேட்டாலும் 'டால்டா' என்று கேட்டதுபோலத்தான் இதுவும். வாயில் பழகிய மார்க்காவைக் கம்பெனியே நினைத்தாலும் மாற்ற முடியாது.

அம்பாசிடரின் அமைப்பைக் குறை சொல்வது இன்று எளிது. அது வந்த காலத்தில் நம் குடும்பங்களுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. உயரமான கூரை, வேட்டி கட்டியவரும் பட்டுப்புடவை கட்டியவரும் குனிந்து வளையாமல் ஏறலாம். முன்னாலும் பெஞ்சு சீட்டு, கியர் ஸ்டியரிங்கை ஒட்டி. ஆகவே முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே போய்வந்தது. டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றியவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்! மண் ரோட்டில் அடி தட்டாது. எந்த ஊரில் நின்றாலும் ஸ்பானரும் கம்பியும் வைத்து ஓட்டிவிடக் கூடிய ஒரு மெக்கானிக் கிடைப்பார். மந்திரி, கலெக்டர், டாக்டர், மில் முதலாளி எல்லோரும் அதில் வந்ததால் அந்த வண்டிக்கே ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டது.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்கள் மாறின. பெரும்பாலும் மாறியது முன்பக்கத்துக் கிரில்லும் விளக்கும்தான். கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடும் என்ற நிலை மாறவில்லை. ஏன் மாற்ற வேண்டும்? லைசென்ஸ் காலத்தில் இத்தனை கார்தான் தயாரிக்கலாம் என்று சர்க்காரின் கட்டுப்பாடு. பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் அந்த வரிசையைப் பார்த்து, நம் சரக்குக்கு எவ்வளவு மதிப்பு என்று நினைத்துவிட்டார்கள். வேறு கடை இல்லாததால் வந்து நிற்கும் கூட்டத்தை வாடிக்கை என்று கணக்குப் போடக் கூடாது என்பது நமக்குத் தெரியும். தெருமுனையில் இரண்டாவது கடை திறக்கும் அன்றுதான் யார் வாடிக்கைக்காரர், யார் வழியில்லாமல் வந்தவர் என்று தெரியும்.

அந்த இரண்டாவது கடை 1983 டிசம்பரில் திறந்தது. மாருதி 800 வெளிவந்தது. அது டிக்கி இல்லாத சின்ன வண்டி என்பதால் நம் பட்டியலில் சேராது. ஆனால் இரண்டு விரலால் தள்ளினால் மூடும் கதவு, காலையில் ஒரே சாவியில் கிளம்பும் இன்ஜின் இவற்றை ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்த பிறகு பழையதோடு ஒப்பிடாமல் இருப்பார்களா?

உள்ளூர்க் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1984-ல் காண்டெஸா வந்தது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரின் உருவம். நீளமும் அகலமுமாகப் பார்க்க ராஜாபோல இருந்தது. உள்ளே வைத்ததோ அம்பாசிடரின் அதே இன்ஜின். நமது சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. ரோவர் கம்பெனியின் அழகான உருவம். அந்த நாளில் ரோட்டில் போனால் திரும்பிப் பார்க்காதவர் இல்லை. அதற்குள்ளும் பழைய காலத்து இன்ஜின்தான். விலையோ மிக அதிகம். சில ஆண்டுகளில் வண்டியும் நின்றது, கம்பெனியின் கார் தொழிலும் நின்றது. நல்ல சாக்கில் பழைய புளியைக் கட்டி அனுப்பினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. முதல் மூட்டை விற்கும். இரண்டாவது மூட்டைக்கு ஆர்டர் வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளூர்க் கம்பெனிகளே பிறகு இன்ஜினுக்கு ஜப்பானிடம் போனார்கள். காண்டெஸாவுக்கும் பின்னர் அம்பாசிடருக்கும் இசுசு கம்பெனியின் 1,800 சி.சி. இன்ஜின் வந்தது. பிரீமியர் 118 என்.இ. காரில் நிசான் இன்ஜின் இருந்தது. இசுசு இன்ஜின் போட்ட அம்பாசிடரை ஓட்டியவர்கள் அதை இன்றும் புகழ்வார்கள். ஆனால் வெளியே பார்த்தால் அதே பழைய உருவம். சரக்கு திருந்திவிட்டது என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது அழகுக்குள் பழசு. இது பழசுக்குள் நல்லது. இரண்டும் போதவில்லை.

1990-ல் மாருதி 1000 வந்தபோதுதான் டிக்கி வைத்த ஜப்பான் அமைப்புக் காரை நம் ஊர்க் குடும்பங்கள் முதன்முதலில் நெருங்கிப் பார்த்தன. தாழ்ந்த பானெட், அகலமான கண்ணாடி, இடைவெளி தெரியாமல் பொருந்திய கதவுகள். 970 சி.சி. இன்ஜின் அந்த உடம்புக்குப் போதாது, ஏ.சி. போட்டால் மூச்சு வாங்கும் என்ற குறையை 1994-ல் வந்த எஸ்டீம் 1,300 சி.சி. இன்ஜினோடு தீர்த்தது. உருவம் ஏறக்குறைய அதேதான். இங்கே கவனிக்க வேண்டியது, குறை எங்கே என்று கேட்டு அதை மட்டும் சரிசெய்தார்கள் என்பதே.

ஜப்பான் மார்க்கா என்றாலே ஜெயம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். 1998-ல் மிட்சுபிஷி லான்சர் வந்தது. அதை எங்கே, யார் தயாரித்தார்கள் தெரியுமா? நமது திருவள்ளூரில், அம்பாசிடர் தயாரித்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி. ஒரே முதலாளி, இரண்டு மார்க்கா. ஒன்றை அரசாங்க வண்டி, டாக்சி என்றார்கள். மற்றதை வைத்திருந்தவரை ரசனை உள்ளவர் என்றார்கள். லான்சர் உண்மையிலேயே அழகான வண்டி. ஆனால் வெளிநாட்டில் அதற்குப் பின் புது உருவம் வந்த பிறகும் இங்கே வெகுநாள் பழையதையே விற்றார்கள். அதே 1998-ல் வந்த ஹோண்டா சிட்டி 2003-லும் 2008-லும் முழுதாக உருவம் மாறியது. 2003-ல் வந்த உருவம் மூக்கு குட்டையாகவும் கூரை உயரமாகவும் இருக்கிறது என்று முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் உள்ளே உட்கார்ந்த அம்மாக்களும் பாட்டிகளும் கால் நீட்ட இடம் இருக்கிறது என்றார்கள், பெட்ரோலும் குறைவாகக் குடித்தது. விற்பனையில் லான்சர் பின்தங்கிப் போனது, சிட்டி நிலைத்தது. இரண்டும் ஜப்பான் பெயர்தான்.

இன்னும் தெளிவான சாட்சி டொயோட்டா எட்டியோஸ். 2010 டிசம்பரில் வந்தது. டொயோட்டாவைவிடப் பெரிய பெயர் கார் உலகில் இல்லை. இந்தியக் குடும்பத்துக்கென்றே அமைத்தார்கள். பின்சீட்டில் மூவர் தாராளமாக உட்கார இடம், டிக்கியில் ஏறத்தாழ 590 லிட்டர் கொள்ளளவு. திருப்பதி போய்வரும் குடும்பத்தின் மூட்டை முடிச்சு எல்லாம் அடங்கும். இன்ஜின் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் உள்ளே பிளாஸ்டிக் மலிவாகத் தெரிந்தது. மீட்டரை ஓட்டுநருக்கு நேரே வைக்காமல் நடுவில் வைத்தார்கள். முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். டாக்சிக்காரர்கள் கணக்குப் போட்டு வாங்கினார்கள். அவர்கள் கணக்கு சரியானது. மஞ்சள் போர்டு எட்டியோஸ் ரோட்டில் பெருகப் பெருக வெள்ளை போர்டுக்காரர்கள் ஒதுங்கினார்கள். 2020-ல் அதை நிறுத்தினார்கள். நல்ல சரக்கை மலிவான பொட்டலத்தில் கட்டினால் பெரிய கம்பெனியின் பெயரும் காப்பாற்றாது.

டாட்டா இண்டிகோவுக்கும் இதே கதிதான். 2002-ல் வந்தது; இது முழுக்க நம் நாட்டுக் கம்பெனியின் கார். கொடுக்கும் காசுக்கு இடம் தாராளம், டீசல் செலவு குறைவு. நீளம் 4 மீட்டருக்குள் இருந்தால் எக்சைஸ் வரி குறைவு என்று 2006 பட்ஜெட்டில் வந்த சலுகையைப் பிடித்துக்கொண்டு, 2008-ல் டிக்கியைக் குறுக்கி இண்டிகோ சி.எஸ். என்று முதன்முதலில் கொண்டுவந்தவர்களும் அவர்களே. அந்த யோசனைக்கு நாம் எழுந்து நின்று கைதட்டலாம். ஆனால் அந்த யோசனையின் லாபத்தை அறுவடை செய்தது மாருதி. 2008-ல் வந்த ஸ்விப்ட் டிசையர், ஸ்விப்டுக்குப் பின்னால் ஒரு பெட்டியை ஒட்டியதுபோல் இருந்தது. அழகு என்று யாரும் சொல்லவில்லை. 2012-ல் அதையும் 4 மீட்டருக்குள் வெட்டினார்கள், டிக்கி இன்னும் விகாரமானது. ஆனாலும் விற்றது. ஏன்?

மாருதியின் ஒர்க் ஷாப் இல்லாத ஊர் இல்லை. உதிரி பாகம் பக்கத்துத் தெருவில் கிடைக்கும். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்கப் போனால், பழைய கார் வியாபாரி வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு விலை சொல்லிவிடுவார். இதுதான் மார்க்காவின் உண்மையான அர்த்தம் என்று நாம் நினைக்கிறோம். விளம்பரத்தில் வரும் சினிமா நட்சத்திரம் முதல் தடவை வாங்கத்தான் வைப்பார். கைமாறும்போது எதிரில் இருப்பவர் எதைக் கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறார் என்பதில்தான் பெயர் இருக்கிறது. தெரிந்த மில்லின் மார்க்கா போட்ட துவரம் பருப்பை சாம்பிள் பார்க்காமல் எடுக்கிறோமே, அதே சங்கதி.

இன்னொரு சாமர்த்தியமும் செய்தார்கள். டாக்சிக்குக் கொடுக்கும் வண்டிக்கு 'டூர்' என்று தனிப் பெயர் வைத்தார்கள். குடும்பங்களுக்குப் புது உருவம் வந்த பிறகும் அதற்குப் பழைய உருவத்தையே கொடுத்தார்கள். ஓட்டலுக்குப் போகும் அரிசியையும் வீட்டுக்குப் போகும் அரிசியையும் ஒரே மார்க்காவில் போடாமல் இருப்பதுபோல. 2017-ல் உருவத்தையும் திருத்தினார்கள், டிக்கி அதன்பிறகுதான் உடம்போடு சேர்ந்து பிறந்ததுபோல் ஆயிற்று. அதே 2017-ல் டாட்டா டிகோர் வந்தது. பின்பக்கம் சரிந்து இறங்கும் அதன் அமைப்பு, நம் கண்ணுக்கு, அந்த நீளத்துக்குள் செய்யக்கூடிய மிக நல்ல அமைப்பு. 2020-ல் குளோபல் என்கேப் மோதல் பரிசோதனையில் 4 நட்சத்திரமும் வாங்கியது. அப்போது மாருதி வண்டிகள் இந்த விஷயத்தில் பின்தங்கியே இருந்தன. நாலு பேர் அதையே பேசப் பேச, 2024 நவம்பரில் வந்த புது டிசையர் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கிக்கொண்டு வந்தது. உள்ளூர்க் கம்பெனி ஜப்பான் கம்பெனியை ஓடவைத்த சம்பவம் இது. பெயர் பெற்றவனும் தூங்க முடியாது.

அம்பாசிடரின் கதைக்கு ஒரு பின்குறிப்பு. வண்டி நின்று மூன்று வருடம் கழித்து, 2017-ல், அந்தப் பெயரை மட்டும் பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. ஓடாத வண்டியின் பெயருக்கு அந்த விலை! அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது நாற்பது வருடம் கதவைக்கூடச் சரிசெய்யாமல் இருந்திருக்கிறார்களே என்று வியாபாரியாக நமக்கு வயிறு எரிகிறது.

இனி, வாங்கப்போகும் அன்பர்களுக்கு நாம் சொல்வது. எந்த நாட்டுப் பெயர் என்பதைத் தள்ளிவையுங்கள். மாருதியிலேயே சுசுகிக்குப் பெரும்பான்மைப் பங்கு வந்தது 2002-ல்தான், அதற்கு முன்பும் பின்பும் வேலை செய்தவர்கள் நம் ஆட்களே. ஷோரூமுக்குப் போவதற்கு முந்தின நாள் உங்கள் ஊர்ப் பழைய கார் வியாபாரியிடம் போய், நீங்கள் நினைத்திருக்கும் அதே மாடல் ஐந்து வருடப் பழசு ஒன்றை விற்க வந்தவர்போல விலை கேளுங்கள். பிறகு வாங்க வந்தவர்போல இன்னொருவரிடம் கேளுங்கள். இரண்டு விலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறைவாக இருந்தால் அந்த மார்க்கா சந்தையில் ஓடுகிறது என்று பொருள். அடுத்து, உங்கள் மெக்கானிக்கிடம் அந்த வண்டியின் பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். கடைசியாக வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஷோரூம்காரர் ஓட்டிப் பார்க்க முன்சீட்டைத்தான் காட்டுவார். நம் வீட்டில் பின்சீட்டில் உட்காருகிறவர்கள்தான் அதிகம்.