உப்புக் காற்றுக்கும் ஒத்துவர வேண்டும்

சென்ற வாரம் கேமிங் பிசிக்கான பட்ஜெட்டை ஒருவழியாக முடிவு செய்தோம்: மானிட்டர் நீங்கலாக 40,000 ரூபாய். இந்த வாரம் கடைக்குப் போகிறோம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, நம் வடசென்னைப் பையன்களுக்கு ரிச்சி தெருக் கடைகள் அவ்வளவு தூரமில்லை. தேரடியிலோ காலடிப்பேட்டையிலோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

அங்கே போய் ஒரு பொருளைக் கையில் எடுத்து, "இது செட் ஆகுமாண்ணே?" என்று கேட்டால், "ஆகும் தம்பி" என்ற பதில்தான் வரும். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. துளையில் பின் இறங்கும், அவ்வளவுதான் அவர் சொல்வது. மதர்போர்டு அந்த பிராசசரை ஏற்குமா, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி அந்தக் கிராபிக்ஸ் கார்டைத் தாங்குமா, எண்ணூர்க் காற்றில் போர்டு எத்தனை வருடம் ஓடும் என்பதெல்லாம் நாம் கேட்காத கேள்விகள்.

துளையே ஏமாற்றும் என்பதற்கு இன்டெலின் எல்ஜிஏ 1151 நல்ல உதாரணம். ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசசர்களுக்கும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். ஆனால் ஹெச் 110 போர்டில் ஐ5-8400ஐ வைத்தால் மெஷின் உயிர் பெறாது. எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் வேண்டும். செகண்ட் ஹேண்டில் போர்டை ஒரு கடையிலும் பிராசசரை இன்னொரு கடையிலும் வாங்குகிறவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஏஎம்டியின் ஏஎம்4 இந்த விஷயத்தில் தாராளம். 2017இன் முதல் ரைசனிலிருந்து 2022இல் வந்த ரைசன் 5 5600 வரை அதே துளைதான். சிக்கல் பயாஸில். 2018இன் பி450 போர்டு பழைய பயாஸோடு பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தால், 5000 வரிசை பிராசசரை அதற்கு அடையாளமே தெரியாது. "பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுங்கண்ணே" என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் அதற்குத் தனிக் காசு.

இன்னும் இரண்டு பொறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ3-12100எஃப் என்பதில் அந்தக் கடைசி 'எஃப்' வந்தால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு வாங்கும் வரை திரை கறுப்புதான். அதற்கேற்ற ஹெச் 610 போர்டில் டிடிஆர்4 மாடலும் உண்டு, டிடிஆர்5 மாடலும் உண்டு. இரண்டு ராமுக்கும் பின் 288தான் என்றாலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள்.

இப்போது கம்பெனி ரிட்டர்ன் பெட்டிகள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல் பிராசசர்களை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் கழித்துக் கட்டும் டெல் ஆப்டிபிளெக்ஸ்களைப் பார்த்தால் ஆசை வரும். ஐ5, எட்டு ஜிபி, எஸ்எஸ்டி, விலை மலிவு. ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகினால் கேமிங் பிசி ஆகிவிடும் என்று தோன்றும்.

திறந்து பாருங்கள். 9020 போன்ற மாடல்களில் போர்டுக்கு மின்சாரம் போகும் கனெக்டர் எட்டு பின். சந்தையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருப்பது 24 பின். உள்ளே இருப்பது 290 வாட், கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயர் கிடையாது. ஆகவே ஸ்லாட்டில் இருந்தே வரும் 75 வாட்டில் ஓடும் கார்டுதான் வழி: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஜிடிஎக்ஸ் 1650, அதிலும் தனி பவர் கனெக்டர் இல்லாத மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒல்லியான பெட்டி என்றால் கார்டும் லோ புரொஃபைலாக இருக்க வேண்டும். 53 வாட் ஆர்எக்ஸ் 6400 இதற்கென்றே செய்தது போலத் தெரியும். ஆனால் அது நான்கு லேனில் மட்டும் பேசும் கார்டு. பிசிஐஇ 4.0 போர்டில் குறை தெரியாது, பழைய 3.0 போர்டில் வழி பாதியாகக் குறுகி, சில கேம்களில் நன்றாகவே திணறும்.

"அதெல்லாம் கன்வெர்ட்டர் இருக்கு தம்பி" என்பார்கள். சாட்டா வயரை ஆறு பின்னாக மாற்றும் அந்தச் சின்ன வயரை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஆறு பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். அளவை மீறிய கரண்ட் கனெக்டரைச் சூடாக்கி பிளாஸ்டிக்கை உருக்கும். உருகிய பிறகு கார்டு மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம், நம் பையன்கள் கடைசியில், மிச்சக் காசில் வாங்குவது அதைத்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' பெட்டியின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தில் 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 168 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட எண்ணுக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை.

அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், வல்லூரில் இன்னொன்று. ஆனாலும் மாலை ஏழு மணிக்கு ராயபுரம் சந்துகளில் ஃபேன் மெதுவாகச் சுற்றும் நாட்கள் உண்டு. மின்சாரம் பிறக்கும் ஊருக்கு வோல்டேஜ் சரியாக வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 100 வோல்ட்டிலிருந்து 240 வரை தாங்கும் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ், நல்ல பிராண்டில் 500 வாட், எண்பது பிளஸ் பிரான்ஸ் முத்திரையோடு வாங்கினால் இந்த ஏற்ற இறக்கம் போர்டு வரை போகாது.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்பது பழைய வாடகை வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த் வயரை நம்பி அமைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் தகரத்தில் கிட்டத்தட்டப் பாதி வோல்டேஜ் மிதக்கும். கரண்ட் குறைவுதான், ஆனால் அந்த நிலையில் ஒரு யுஎஸ்பியையோ ஹெச்டிஎம்ஐ வயரையோ செருகினால் போர்ட் போகலாம். வீட்டுக்காரரிடம் பேசி எர்த் போட்ட பிறகு கம்ப்யூட்டர் வாங்குங்கள். இதைப் பட்ஜெட்டில் ஒரு பாகமாகவே நான் எழுதிவைப்பேன்.

இனி காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டின் கிரில் எத்தனை வருடத்தில் துருவேறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதே காற்றைத்தான் கேபினட் ஃபேன் உள்ளே இழுக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். நம் பக்கம் விடியற்காலையில் அது சாதாரணம். போர்டின் மேல் படிந்த தூசு அப்போது மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் சூடாக இருப்பதால் ஈரம் நிற்காது. அணைத்துவைத்த மெஷின்தான் அரிக்கப்படுகிறது. பரீட்சை என்று இரண்டு மாதம் மூட்டை கட்டிவைத்த பிசி திரும்ப ஆன் ஆகாமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு.

உப்போடு நிற்கவில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை, நிலக்கரி எரிக்கும் உலைகள், கழிமுகத்துச் சேறு எல்லாம் சேர்ந்து கந்தக வாயுக்களும் இங்கே கலக்கின்றன. செம்பும் வெள்ளியும் கந்தகத்துக்கு எளிதில் இரையாகும். போர்டிலுள்ள மிளகைவிடச் சின்ன ரெசிஸ்டர்களின் முனையில் வெள்ளி இருக்கிறது. ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளுக்கென்று உள்ள ஐஎஸ்ஏ 71.04 தரநிலை, ஒரு செம்புத் தகட்டில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் அரிப்பு இருந்தால்தான் அந்த இடத்தை மின்னணுச் சாதனங்களுக்குப் பத்திரமானது என்கிறது. ஆலைக்காரர்கள் தங்கள் கணினிக்குக் காற்றை வடிகட்டுகிறார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் நமக்கு ஃபில்டர் வலை உள்ள கேபினட்தான் கதி. ஆறு ஆர்ஜிபி ஃபேன் மின்னும் கண்ணாடிப் பெட்டியை விடுங்கள். முன்னால் வலையோடு இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று போதும். உள்ளே தள்ளும் காற்று வெளியேறுவதைவிட அதிகம் இருந்தால், இடுக்குகள் வழியாகத் தூசு நுழையாது. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தது எண்ணெய் கலந்த தண்ணீர்.

ராம் சரியாகத் தொடர்பு கொள்ளாவிட்டால் அதன் முனைகளை அழிரப்பரால் தேய்ப்பது எல்லாச் சர்வீஸ் கடையிலும் நடக்கும் வைத்தியம். ஒருமுறை, மெதுவாக என்றால் சரி. அங்கே இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் அதுவும் போய் அடியிலிருக்கும் உலோகம் வெளியே வரும், அடுத்த மழைக்காலத்தில் பச்சை பிடிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சும் நல்லது.

இதையெல்லாம் வைத்து என் சிபாரிசு: ரைசன் 5 5600ஜி, பி450 அல்லது ஏ520 போர்டு, எட்டு ஜிபி ராம் இரண்டு. ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காதீர்கள். உள் கிராபிக்ஸ் ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது, இரண்டு சேனல் இருந்தால் வேகம் நன்றாகவே கூடும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் இறுதியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. மைக்ரான் தன் குரூஷியல் ராமைக் கடைகளுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய டிடிஆர்4 கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், ஆனால் தங்க முனைகளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம். வாலரன்ட் இதிலேயே ஓடும். விண்டோஸ் 11இல் அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும்.

பிறகு காசு சேர்ந்தால் 132 வாட் ஆர்எக்ஸ் 6600. 5600ஜி பிசிஐஇ 3.0 வரைதான் பேசும் என்றாலும் எட்டு லேன் கார்டு என்பதால் பெரிய இழப்பில்லை. அந்த 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் போதும். அப்போது மெஷின் 200 வாட் இழுத்தால், தினம் நான்கு மணி நேர ஆட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 48 யூனிட். வீட்டுக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் கிட்டத்தட்டப் பாதி. அம்மாவிடம் இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வாரன்டி அட்டையைக் கடையிலேயே படியுங்கள். துருவும் ஈரமும் பெரும்பாலும் வாரன்டிக்குள் வராது. மதர்போர்டின் பின்பக்க போர்ட் தகட்டைப் போட்டோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே துருப் புள்ளி விழுந்திருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

(அடுத்த வாரம்: தெர்மல் பேஸ்டிலிருந்து முதல் பூட் வரை)