தசைக்குள் குலையும் மடிப்பு

1860களில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்துக்கொண்டிருந்தார். கிரேயின் உடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்தது அவருடைய உழைப்பால். அதே 1860களில், பாரிஸில் டுஷேன் என்ற மருத்துவர், நடை தளர்ந்துவரும் சிறுவர்களின் தசையிலிருந்து கொக்கி ஊசியால் துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தசைநார் இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பும் தழும்பும் தெரிந்தன. ஏன் அப்படி ஆனது என்பது அந்தக் கருவிக்கு எட்டவில்லை.

பனையோலையை மடித்துக் கட்டினால்தான் அது கூழ் குடிக்கும் பிளா. மடிப்புப் பிசகினால் ஒழுகும். புரதமும் அப்படித்தான். அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் வேலைக்கு உதவும். வெப்பமும் இழுவையும் அந்த மடிப்பைக் குலைக்கும். குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். தசைக்கலமோ ஒவ்வொரு சுருக்கத்திலும் இழுபடுகிறது, சூடேறுகிறது. ஆகவே அங்கே காவல் புரதங்களுக்கு ஓய்வில்லை: குலைந்ததைத் திருத்துவதும் திருந்தாததைச் சிதைக்க அனுப்புவதும் அவற்றின் பாடு.

காவலே பழுதானால்?

பிரெஞ்சுக் குடும்பமொன்றில் தசைத்தளர்ச்சி, இதயநோய், கண்புரை மூன்றும் சேர்ந்தே வழிவழியாக வந்தன. கண்ணுக்கும் தசைக்கும் என்ன உறவு? 1998இல் விடை கிடைத்தது. அல்பா-பி கிறிஸ்டலின் என்ற காவல் புரதத்தில், 120ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் கிளைசின் வந்திருந்தது. கண்வில்லை, இதயம், தசை மூன்றிலும் இப்புரதம் நிறைய உண்டு. அது பிசகியதும், தசைநாரைக் கட்டிவைக்கும் டெஸ்மின் புரதம் அதனோடு சேர்ந்து கட்டிபட்டது. ஒரேயொரு மாற்றம், மூன்று உறுப்புகளில் துன்பம்!

டுஷேன் கண்ட நோயின் மூலம் வேறு. அங்கே டிஸ்ட்ரோபின் என்ற புரதமே உருவாவதில்லை. 1987இல்தான் அதை இனங்கண்டார்கள். அது இல்லாத கலமென்சவ்வு எளிதில் கிழியும். கல்சியம் உள்ளே புகும். கலம் நெருக்கடியிலிருந்து மீளாது. ஆனாலும் 2012இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் நோயுற்ற எலிகளில் ஒரு காவல் புரதத்தைப் பெருக்கியபோது, தசையின் வலு குறைவது தாமதித்தது. எலிகளில் கண்ட பலன்தான். ஆனால் நம்பிக்கை தரும் பலன்.

நாலைந்து வயதிலும் நிலத்திலிருந்து எழும்ப, கைகளைத் தொடையில் ஊன்றி ஏறும் ஆண்பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசவேண்டாம். அது டுஷேன் கண்ட நோயின் அறிகுறியாக இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்த்தாலே முதல் தடயம் கிடைத்துவிடும்.