நோய் ஓடும் வேகம் என்ன?

குட்டீஸ்... பஸ் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை, டிரைவருக்கு எதிரே இருக்கும் மீட்டர் காட்டிவிடும். ஒரு தொற்றுநோய் எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்று காட்ட, அப்படி எந்த மீட்டரும் கிடையாது. ஆனாலும், விஞ்ஞானிகள் அந்த வேகத்தைக் கணக்கிட்டு விடுகின்றனர். எப்படித் தெரியுமா? பெருக்கல் தெரிந்தால் போதும், உங்களுக்கும் புரிந்துவிடும்!

வாங்க, 2014ம் ஆண்டு மேற்கு ஆப்ரிக்காவுக்குப் போய்ப் பார்ப்போம்.

கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் அடுத்தடுத்து உள்ள நாடுகள். கினி நாட்டின் ஒரு கிராமத்தில், 2013 டிசம்பரில் எபோலா நோய் தலைகாட்டியது. அது எபோலாதான் என்று உறுதியானபோது, 2014 மார்ச் பிறந்துவிட்டது. காய்ச்சல், வாந்தி, பேதி என்று தொடங்கி, உயிரையே பறித்துவிடும் கொடிய நோய் இது. நோயாளியின் ரத்தம், வாந்தி போன்றவை உடலில் பட்டால் தொற்றிக்கொள்ளும். இறந்தவரின் உடலைத் தொட்டாலும் தொற்றும்.

இன்னும் எத்தனை படுக்கைகள் வேண்டும்? எத்தனை டாக்டர்கள் வேண்டும்? எத்தனை நாட்களுக்குள் வேண்டும்? இதற்குப் பதில் தெரியாவிட்டால், பல உயிர்கள் போய்விடும். பதில் சொல்ல வேண்டுமானால், நோயின் வேகம் தெரிந்தாக வேண்டும்!

இரண்டு எண்கள்

வேகத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எண்கள் தேவை. ஒரு நோயாளி, சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பது முதல் எண். இதை, 'ஆர்' எண் என்கின்றனர். ஒருவருக்கு நோய் வந்த நாளுக்கும், அவரிடம் இருந்து தொற்றியவருக்கு நோய் வந்த நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது இரண்டாவது எண்.

இவற்றைக் கண்டுபிடிக்க, சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போயினர். 'காய்ச்சல் என்றைக்கு வந்தது? அதற்கு முன், நோயாளி யாரையாவது கவனித்துக் கொண்டீர்களா? யாருடைய இறுதிச் சடங்குக்காவது போனீர்களா?' என்று பொறுமையாக விசாரித்தனர். அந்தப் பதில்களை வைத்து, யாரிடம் இருந்து யாருக்கு நோய் போனது என்று, வம்சாவளி மரம் போல ஒரு படம் வரைந்துவிடலாம்.

இப்படிக் கிடைத்த விவரங்களை, உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2014 செப்டம்பரில் வெளியிட்டது. மூன்று நாடுகளிலும் 'ஆர்' எண், தோராயமாக 1.7ல் இருந்து 2 வரை இருந்தது. இடைவெளி, சராசரியாக 15 நாள்.

'இரண்டு பேருக்குத்தானே பரவுகிறது, இது பெரிய விஷயமா?' என்று நினைக்கிறீர்களா? பெருக்கிப் பாருங்கள். முதலில் 1 நோயாளி. 15 நாள் கழித்து 2 பேர். அப்புறம் 4, 8, 16, 32... பத்தாவது சுற்றில், அதாவது ஐந்தே மாதத்தில், புதிதாக 1,024 பேர்!

இடைவெளியும் முக்கியம். யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில், தட்டம்மை வந்த ஒருவர் 12ல் இருந்து 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். சாதாரண ப்ளூ காய்ச்சலின் 'ஆர்' எண், 2ஐ விடக் குறைவுதான். ஆனால், அதற்கு இடைவெளி சுமார் மூன்றே நாள். அதனால்தான் ஊர் முழுக்க சீக்கிரம் சுற்றி வந்துவிடுகிறது.

கணக்கில் வராதவர்கள்

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பயத்தால் பலர், நோயாளிகளை வீட்டிலேயே மறைத்து வைத்தனர். அவர்கள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், இதற்கு ஒரு வழி கண்டது. பட்டியலில் உள்ள நோயாளிகளுக்கு எத்தனை படுக்கைகள் தேவைப்படும் என்று கணக்கிட்டு, உண்மையில் எத்தனை படுக்கைகள் நிரம்பியுள்ளன என்பதோடு ஒப்பிட்டது. உண்மையான நோயாளிகள், பட்டியலில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு இருக்கலாம் என்று தெரிந்தது.

லைபீரியாவில் 15 முதல் 20 நாளுக்கு ஒருமுறை நோயாளிகள் இரட்டிப்பாகின்றனர் என்றும் அந்த மையம் சொன்னது. 'இப்படியே விட்டால், லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் சேர்த்து, 2015 ஜனவரி 20க்குள் 14 லட்சம் பேர் வரை பாதிக்கப்படலாம்' என்று எச்சரித்தது.

உலகமே பதறிப் போனது. சிகிச்சை மையங்கள் வேகமாக எழும்பின. நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து, 21 நாள் கண்காணித்தனர். இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்யத் தனிக் குழுக்கள் வந்தன. அன்புக்குரியவரின் உடலைக் குளிப்பாட்டி வழியனுப்பும் தங்கள் வழக்கத்தையே, ஊர் மக்கள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிறுத்தி வைத்தனர்.

கணக்கு தப்பா?

கடைசியில் என்ன ஆனது? 2016ல் நோய் ஓய்ந்தபோது, மூன்று நாடுகளிலும் பதிவானவர்கள் சுமார் 28,600 பேர். அவர்களில் 11,300க்கும் அதிகமானோர் இறந்தனர். பெரிய சோகம்தான். ஆனால், இதை இரண்டரையால் பெருக்கினாலும், 14 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது!

அப்படியானால், விஞ்ஞானிகள் போட்ட கணக்கு தப்பா? இல்லை. 'இப்படியே விட்டால்' என்றுதானே சொன்னார்கள்? மக்கள் அப்படியே விடவில்லை! 'முன்னால் பள்ளம்' என்று பலகை வைத்தால், டிரைவர் பிரேக் போடுவார். பஸ் பள்ளத்தில் விழவில்லை என்பதற்காக, பலகை பொய் என்று சொல்வோமா?

நோயை ஒழிக்க, 'ஆர்' எண்ணை ஒரேயடியாகப் பூஜ்ஜியம் ஆக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்குக் கீழே கொண்டு வந்தாலே போதும். அது அரையாகிவிட்டால், 1,000 பேர் 500 ஆகி, 250 ஆகி, பத்தாவது சுற்றில் ஒருவர்தான் மிஞ்சுவார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கி, 16 வரை கொண்டு வாருங்கள். இப்போது, ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு முறை நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் கொட்டை இருக்கட்டும். பூ விழுந்தால் எடுத்து விடுங்கள். எத்தனை சுற்றில் எல்லாம் காலியாகிறது என்று எண்ணுங்கள். நண்பர்களுக்கும் அதே எண்ணிக்கை வருகிறதா? பெரும்பாலும் வராது! அதனால்தான் விஞ்ஞானிகள், 'ஆர்' எண்ணைச் சராசரியாகச் சொல்கின்றனர்.

இனி, ஏதாவது ஒரு நோய் பற்றிச் செய்தியில் படித்தால், 'மொத்தம் எத்தனை பேர்' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'எத்தனை நாளில் இரட்டிப்பாகிறது?' என்றும் கேளுங்கள். நோயின் வேகம் அதில்தான் இருக்கிறது!