உப்புக்காத்தும் பேட்டரி கிரைண்டரும்

இன்னைக்குப் பேசப்போறது பேட்டரியில ஓடுற கிரைண்டரும் சாண்டரும். கிளியனூர்ல என் பட்டறைக்கு வர்ற வேலையில பாதி, துரு எடுக்குற வேலைதான். மரக்காணம் பக்கத்து உப்பளத்துல இருந்து மோட்டார் ஸ்டாண்டு, ஷெட்டுக் கதவு, தள்ளுவண்டி எல்லாம் வரும். கழட்ட முடியாததுக்கு நாமதான் அளத்துக்குப் போகணும். அங்க உப்புத்தண்ணி நிக்கிற பாத்திக்கு நடுவுல, வரப்பு மேல கரண்ட் வயர் இழுத்துட்டுப் போறது உயிரோட விளையாடுற காரியம். அந்த வகையில பேட்டரி மிஷின் வந்தது நல்லதுதான்.

ஆனா வயர் மிஷின்ல ஒரு பழக்கம் இருந்துச்சு. டிஸ்க் மாத்தணும்னா பிளக்கைப் பிடுங்குவோம். பேட்டரி மிஷின்ல பிடுங்க எதுவும் இல்லைன்னு தோணுது. இருக்கு, பேட்டரியைத்தான் பிடுங்கணும். சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு நம்பி ஸ்பேனர் போடாதீங்க. தள்ளுற சுவிட்ச் உள்ள மிஷின்ல கை லேசா பட்டாலே முன்னால போயிடும். டிஸ்க் மாத்துறப்ப, பைக்ல எடுத்துட்டுப் போறப்ப, சாப்பிட உக்கார்றப்ப, பேட்டரி வெளிய இருக்கணும்.

அடுத்தது டிஸ்க். நம்ம ஆளுங்க ஏஜி ஃபோர்னு சொல்ற 4 இஞ்ச் மிஷினுக்கு 100 மில்லிமீட்டர் டிஸ்க், நடு ஓட்டை 16 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 11,000 சுத்து ஓடுற மிஷின்ல அந்த டிஸ்க்கோட ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல போகுது. அதனாலதான் டிஸ்க் மேல அதிகபட்ச சுத்து எவ்வளவுன்னு அச்சடிச்சிருப்பாங்க. அந்த எண் மிஷின்ல போட்டிருக்குறதை விடக் கூடவோ சமமாவோ இருக்கணும். கவரைக் கழட்டிட்டு 5 இஞ்ச், 7 இஞ்ச் டிஸ்க் மாட்டுறவங்க உண்டு. 7 இஞ்ச் டிஸ்க் பொதுவா தாங்குறதே 8,500 சுத்துதான். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. மரம் அறுக்குற பல்லு பிளேடை கிரைண்டர்ல மாட்டுறது அதை விட மோசம். அது கடிச்சுச்சுன்னா கையை விட்டுத் துள்ளும், நேரா தொடைக்கோ கழுத்துக்கோ வரும்.

கட்டிங் டிஸ்க் நடுவுல இருக்குற இரும்பு வளையத்துல காலாவதித் தேதி இருக்கும், பாருங்க. டிஸ்க்கை ஒட்டி வச்சிருக்குற பிசின், ஈரக்காத்துல பலம் இழக்கும். கடலோரத்துல திறந்து போட்ட டிஸ்க்கை நான் நம்புறதில்லை. கீழ விழுந்த டிஸ்க்கையும் அப்படித்தான், விரிசல் கண்ணுக்குத் தெரியலைன்னாலும் தூக்கிப் போட்டுடுவேன். இருபது முப்பது ரூபாய்க்கு அழுதுட்டு முகத்தைப் பணயம் வைக்க முடியாது. புது டிஸ்க்கை மாட்டினதும், ஆள் இல்லாத பக்கம் திருப்பி அரை நிமிஷம் சும்மா ஓட விடுங்க. உடையுறதுன்னா பெரும்பாலும் அப்பவே உடையும்.

கவர், டிஸ்க்குக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கணும். பக்கத்துக் கைப்பிடி கண்டிப்பா மாட்டணும், ரெண்டு கையும் வேணும். வெட்டுறப்ப ஆங்கிளை ரெண்டு முனையிலயும் முட்டுக் கொடுத்து நடுவுல வெட்டினா, அது தொய்ஞ்சு வெட்டு வாய் மூடி டிஸ்க்கைப் பிடிச்சுக்கும். மிஷின் உதைக்கிறது அப்பதான். வெட்டி விழ வேண்டிய பக்கம் தானா தொங்கி விழுற மாதிரி வைங்க. டிஸ்க்குக்கு நேர் கோட்டுல நிக்காம ஒதுங்கி நில்லுங்க.

உடுப்பு விஷயத்துல கோவிச்சுக்காதீங்க, லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு, தோள்ல துண்டோட கிரைண்டர் பிடிக்கக் கூடாது. துண்டு முனை சுத்திக்கிட்டா ஆளையே இழுக்கும். பேன்ட், ஷூ, ஒட்டின சட்டை. கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடுற கண்ணாடி. கூலிங் கிளாஸ் கணக்குல வராது. இரும்புத் தூள் கண்ணுல விழுந்தா சக ஆள் துணி முனையால எடுத்து விடுறது நம்ம ஊர் வழக்கம். வேண்டாம். கருவிழியில தச்ச இரும்பு அங்கேயே துருப்பிடிச்சு வளையம் கட்டும். தேய்க்காம கண் டாக்டர்கிட்ட போங்க. கிளியனூர்ல இருந்து பாண்டிச்சேரி ரோட்டுலயே போனா கோரிமேட்டுல ஜிப்மர்.

சாண்டருக்கு வருவோம். பழைய ஆளுங்க இதுக்குப் போடுற தாளை உப்புத்தாள்னுதான் சொல்லுவாங்க, நம்ம ஊருக்குப் பொருத்தமான பேரு. கிரைண்டரை முழு வேகம் வந்த பிறகு இரும்புல வைக்கணும். சாண்டரை பரப்புல வச்சிட்டு ஆன் பண்ணணும். அழுத்தவே வேண்டாம், மிஷின் எடையே போதும். ஃபைபர் போட்டு தேய்க்கிறவங்க என்95 மாஸ்க் போடணும், அந்தத் தூள் கண்ணாடி இழை. அந்தச் சட்டையை வீட்டுத் துணியோட ஊறப் போடாதீங்க, பிள்ளைங்களுக்கு அரிக்கும். பழைய எனாமல் பெயிண்ட் அடிச்ச கதவுன்னா இன்னும் கவனம். பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்ற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பெயிண்டை மிஷின்ல காய வச்சுத் தேய்க்காதீங்க. கையால, தண்ணி தொட்டுத் தேய்ங்க. மரத்தூள் இருக்குற சாண்டர் பையோட இரும்பைத் தேய்க்காதீங்க, பொறி விழுந்து உள்ளேயே கனியும்.

உப்பள இரும்புக்குன்னு தனியா ஒண்ணு. துருவை எவ்வளவு பளபளன்னு தேய்ச்சாலும், குழிக்குள்ள இருக்குற உப்பு போகாது. அது மேல ரெட் ஆக்சைடு அடிச்சா சீக்கிரமே கொப்புளிக்கும். முதல்ல நல்ல தண்ணியில கழுவிக் காய வைங்க, தேய்ங்க, திரும்பவும் கழுவித் துடைங்க, நல்லா காஞ்சதும் அன்னைக்கே பிரைமர் அடிங்க. தின்னர் டப்பா பொறி பறக்குற இடத்துல இருக்கக் கூடாது.

பேட்டரியை வெயில்ல நிறுத்தின பைக் பெட்டியில வைக்காதீங்க. சூடா இருக்குறப்ப சார்ஜ் போடாதீங்க, பெரும்பாலான பேட்டரிக்கு 40 டிகிரிதான் எல்லை. நம்ம சித்திரை வெயில் அதைத் தாண்டிடும், ராத்திரி போடுங்க. சாயங்காலம் பேட்டரியைக் கழட்டி அதோட பித்தளை முனையைக் காஞ்ச துணியால துடைங்க. பச்சை பூத்திருந்தா உப்பு உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், அந்தப் பேட்டரியை சார்ஜர்ல மாட்டாம சர்வீஸ்ல காட்டுங்க.