மேலகரத்துக்கு வந்த பணம், கணக்குக்கு வராத பணம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவிலுள்ள மேலகரத்துக்கு, துபாயில் வேலை பார்க்கும் மகன் வங்கி மூலம் பணம் அனுப்பினால், நாட்டின் வெளிநாட்டு வரவு செலவுக் கணக்கில் அது ஏறிவிடும். ஹவாலாக்காரர் கைமாற்றிக் கொடுத்தால் வீட்டுச் செலவுக்கு ஆகும், ஏட்டில் இருக்காது.

இந்தக் கணக்குக்கு ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கின் விவரம் சுங்கத் துறையிலிருந்து வருகிறது, பணத்தின் விவரம் வங்கிகளிலிருந்து. இரண்டும் இடிக்கும்போது மிச்சத்தைப் போட்டுவைக்க, 'பிழைகளும் விடுபடல்களும்' என்றே ரிசர்வ் வங்கி ஒரு வரி வைத்திருக்கிறது. நேர்மையான பெயர்தான்!

விடுபடல் மட்டுமல்ல, இரட்டிப்பும் உண்டு. 2024 நவம்பரில் தங்க இறக்குமதி சுமார் 1,480 கோடி டாலர் என்று வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. வர்த்தகப் பற்றாக்குறை இதுவரை காணாத உச்சம் என்று சந்தை மிரண்டது. 2025 ஜனவரியில் திருத்திப் பார்த்தால் அந்த நவம்பர் இறக்குமதி வெறும் 984 கோடி டாலர்! சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் விவரங்களை வேறு கணினி முறைக்கு மாற்றியதில், ஒரே தங்கம் இரண்டு முறை பதிவானதாகச் சொல்லப்பட்டது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமல்ல. ஒரு நாட்டின் வரவு இன்னொரு நாட்டின் செலவு என்பதால், உலக நாடுகள் அனைத்தின் நடப்புக் கணக்கையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். 1980களில் பெரிய பற்றாக்குறை வந்தது. பன்னாட்டு நிதியம் தனிக்குழு போட்டு ஆராய்ந்தது. 2000களின் நடுவிலிருந்து உபரி வருகிறது.