பிடிக்குள் ஒளிந்திருக்கும் சாதகம்

சாமுராய் வாள் இரும்புக் கம்பியையே வாழைத்தண்டு போல வெட்டிவிடுமாமே, அதன் ரகசியம் என்ன என்று கேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வெட்டும் கதைகளில் பெரும்பகுதி திரைப்படங்கள் வளர்த்தவை. பழைய ஜப்பானின் போர்வீரர்களான சாமுராய்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் அதே திரைப்படங்களால் எல்லாருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். அதனால் நேராக வாளுக்கே போய்விடுகிறேன். அதிலும் கூர்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, யாரும் அதிகம் பார்க்காத வேறோர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

எஃகு பிறக்கும் இடம் மேற்கு ஜப்பானின் ஷிமானே மாநிலம். அங்கே ஒக்குஇஸுமோ மலைப்பகுதியில் தத்தாரா என்னும் களிமண் உலையைக் குளிர்காலத்தில் மட்டும் மூட்டுகிறார்கள். மூன்று பகல், மூன்று இரவு அது அணையாமல் எரியும். ஏறத்தாழ 10 டன் இரும்பு மணலும் 12 டன் மரக்கரியும் உள்ளே போகும். முடிவில் உலைச் சுவரை இடித்தால் இரண்டரை டன் அளவில் ஒரு கட்டி கிடைக்கும். அதில் ஒரு பங்குதான் வாளுக்கு உதவும் எஃகு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நின்றுபோன இந்த வேலையை 1977இல் மீண்டும் தொடங்கியது, 1948இல் உருவான ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். இன்றைய வாள் கொல்லர்கள் பெரும்பாலும் இந்த எஃகையே நம்பியிருக்கிறார்கள்.

கொல்லர் அந்த எஃகைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடிக்கிறார். பத்து முறை மடித்தால் ஆயிரம் அடுக்குகளைத் தாண்டிவிடும். கசடு வெளியேறுவதற்கும் கரிமம் எங்கும் சமமாகப் பரவுவதற்கும்தான் இத்தனை அடி. பிறகு களிமண் குழம்பை வாளின் முதுகில் தடிமனாகவும் விளிம்பில் மெலிதாகவும் பூசி, காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் போடுகிறார். மெலிதாகப் பூசிய விளிம்பு சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படுகிறது. கெட்டிப்படும்போது எஃகு சற்று விரிவதால் விளிம்பு நீண்டு முதுகைப் பின்னுக்குத் தள்ளும். வாளின் வளைவில் பெரும்பங்கு அந்தச் சில நொடிகளில் வருவது. அந்தச் சில நொடிகளிலேயே விரிசல் விட்டு, பல வார உழைப்பு வீணாவதும் உண்டு.

இனி நான் சொல்ல வந்த இடம்.

ஒகயாமா நகரத்திலிருந்து ஆக்கோ ரயில் பாதையில் போனால் ஓசாஃபுனே என்று ஒரு சின்ன நிலையம் வரும். யோஷி ஆற்றங்கரையிலிருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் ஜப்பானின் மிகப் பெரிய வாள் பட்டறை. தேசியப் பொக்கிஷம் என்று அந்நாட்டு அரசு அறிவித்திருக்கும் வாட்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை இந்த ஊர் அடங்கிய பிசென் வட்டாரத்தில் அடித்தவை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்று வெள்ளம் புகுந்து கொல்லர் குடியிருப்புகளை அழித்த பின் ஊர் ஒடுங்கிவிட்டது. இன்று அங்கே இருப்பது பிசென் ஓசாஃபுனே வாள் அருங்காட்சியகம். பெரிய கட்டடம் கிடையாது. ஆனால் அதன் வளாகத்திலேயே கொல்லரும் சாணை பிடிப்பவரும் உறை செய்பவரும் வேலை செய்வதைப் பார்க்கலாம்.

கண்ணாடிப் பெட்டிகளில் வாட்கள் பிடியும் உறையும் இல்லாமல் வெறும் உடம்போடு கிடக்கின்றன. பார்வையாளர்கள் முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, விளிம்பில் அலை அலையாக ஓடும் வெண்கோட்டில் விளக்கொளி படும் கோணத்தைத் தேடுகிறார்கள். அது தோய்ச்சலின் தடம், அழகானதுதான். என் கண் போனது வாளின் மறுமுனைக்கு. பிடிக்குள் மறைந்து கிடக்கும் அந்த அடிப்பகுதிக்கு நகாகோ என்று பெயர். மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் வாள் இங்கே வந்ததும் கறுத்து, சொரசொரத்து, துருவேறிக் கிடக்கிறது. எழுநூறு ஆண்டுகளாக அதை யாரும் துடைத்துத் தேய்க்கவில்லை. தேய்க்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

வாளையும் பிடியையும் இணைப்பது ஒரே ஒரு மூங்கில் ஆணி. அதைத் தட்டிவிட்டால் பிடி கழன்று நகாகோ வெளியே வரும். கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டியிருப்பது அங்கேதான். பிசென் கொல்லர்கள் ஒரு பக்கம் ஊரும் பெயரும், மறுபக்கம் ஆண்டும் மாதமும் வெட்டினார்கள். அந்தத் தேதிகளில் ஒரு விந்தை உண்டு. பெரும்பாலும் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம். தோய்ச்சல் தண்ணீரின் குளிர்ச்சி சரியாக அமையும் பருவம் அது என்பது ஒரு விளக்கம். வாள் எந்த மாதம் முடிந்தாலும் மரபுக்காக இப்படி எழுதினார்கள் என்பது இன்னொன்று.

பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் ஒரு சேதி. குதிரை வீரர் காலத்து வாளை விளிம்பு கீழே பார்க்க இடுப்பில் தொங்கவிட்டார்கள். பிற்காலத்தில் விளிம்பு மேலே பார்க்கக் கச்சையில் செருகினார்கள். இரண்டிலும் பெயர் வெளிப்புறம் அமைய வேண்டும் என்பது வழக்கம். ஆகவே பெயர் வெட்டிய பக்கத்தைப் பார்த்தே, கொல்லர் அதை எப்படி அணிவதற்காகச் செய்தார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆணித் துளைகளை எண்ணுங்கள். இரண்டோ மூன்றோ இருந்தால் அந்த வாளைக் குறுக்கியிருக்கக் கூடும். நீண்ட பழைய வாட்களைப் பின்னால் வந்தவர்கள் தங்கள் காலத்துப் போர்முறைக்கு ஏற்ப வெட்டினார்கள். நுனியை வெட்டினால் வாளே கெடும் என்பதால் அடியிலிருந்து வெட்டுவார்கள். அப்போது கொல்லரின் பெயரும் போய்விடும். சிலருக்கு அதற்கு மனம் வரவில்லை. பெயர் உள்ள தகட்டை மட்டும் மெலிதாக்கி, மடித்து, புதிய அடிப்பகுதியில் பதித்தார்கள். வேறு சிலர் பெயரைச் சதுரமாக வெட்டியெடுத்துப் படம் மாட்டுவது போல உள்ளே பொருத்தினார்கள். பெயரே போன வாட்களை ஹோன்அமி குடும்பத்து மதிப்பீட்டாளர்கள் ஆராய்ந்து, இன்னார் செய்தது என்று தங்கள் முடிவைத் தங்கத்தால் இழைத்தார்கள்.

வென்றவனும் அங்கே எழுதினான். 1560இல் ஒக்கேஹஸமா போரில் இமகாவா யோஷிமோத்தோவை வீழ்த்திய போர்த்தலைவன் ஓடா நொபுனாகா, எதிரி கையில் வைத்திருந்த வாளைக் குறுக்கித் தனதாக்கிக்கொண்டான். இன்ன நாளில் யோஷிமோத்தோவைக் கொன்றபோது அவன் வைத்திருந்த வாள் இது என்று அதன் அடியில் தங்கத்தில் பொறித்தான். அந்த வாள் இன்று கியோத்தோவில் நொபுனாகாவை வழிபடும் கோயிலுக்குச் சொந்தம். பின்வந்த எடோ ஆட்சிக் காலத்தில், மரண தண்டனைக்கு உள்ளானவர்களின் உடல்களில் வாளைச் சோதித்து, எத்தனை உடல் வெட்டியது என்று எழுதிய நகாகோக்களும் உள்ளன. அவற்றைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் அவற்றை யாரும் அழித்துவிடவில்லை என்பதற்காக நன்றி சொல்வேன்.

நம் பக்கத்துச் சேதி ஒன்றும் அங்கே இருக்கக் கூடும். ஜப்பானை ஆண்ட தொக்குகாவா இயேயாசு தன் பெயரில் ஓர் எழுத்தையே பரிசாகத் தந்த கொல்லர் யசுத்சுகு. அவர் தன் வாட்களில் அயல்நாட்டு இரும்பால் செய்தது என்றே வெட்டிவைத்தார். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் கப்பலில் கொண்டுவந்த இரும்பு அது. இந்திய எஃகு அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இத்தனைக்கும் சாட்சி துருதான். எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல்லின் கருமையை அம்மா யாரையும் சுரண்ட விட்டதில்லை. பல வருடம் எண்ணெயும் நெருப்பும் சேர்ந்து கொடுத்தது, போனால் வராது என்பார். நகாகோவின் துருவும் போனால் வராது. பழையது கருமை கலந்த பழுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். புதியது சிவந்து உதிரும். புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் பிற்காலத்தில் ஒருவன் போலியாக வெட்டினால், உளி போன பள்ளத்தில் துருவின் நிறம் மாறி அவனைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் வாள் சற்றுத் தேய்கிறது. நகாகோ சாணையைத் தொடுவதில்லை. இரண்டின் தடிமனையும் ஒப்பிட்டால் வாள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

1945இல் ஜப்பான் சரணடைந்ததும் நேச நாட்டுப் படையினர் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். எண்ணற்ற வாட்கள் உருக்கப்பட்டன, கடலில் வீசப்பட்டன, வீரர்களின் பைகளில் நாடு கடந்தன. தேசிய அளவில் மதிப்பு பெற்றிருந்த ஹோன்ஜோ மசமுனே என்ற வாள் அப்போது கைமாறியதுதான், இன்றுவரை கிடைக்கவில்லை. தோக்கியோவின் அக்கபானே கிடங்கில் குவிந்த வாட்களிலிருந்து சுமார் 5,500 வாட்களை மட்டும் கலைப்பொருள் என்று சொல்லி மீட்டார்கள். அவற்றில் பலவும் 1990களில்தான் ஊர்ப்புற அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பகை செய்த அழிவு அது. எனக்கு அதைவிட வலிப்பது அன்போடு செய்யும் அழிவு. தாத்தாவின் பரணில் வாளைக் கண்டெடுத்த பேரன், ஆசையாக உப்புத்தாளை எடுத்து அடிமுதல் நுனிவரை தேய்த்துவிடுகிறான். ஒரு மாலைப் பொழுதில் கொல்லரின் உளித்தடமும் அரத்தின் கீறலும் ஐந்நூறு வருடத் துருவும் தரையில் பொடியாகக் கிடக்கும். விற்பனைக்காக அமிலத்தில் நனைத்துப் பழமை ஏற்றுகிறவர்கள் இன்னொரு புறம். அசலைப் புதிதாக்குவதும் புதியதை அசலாக்குவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கம் என்றே நினைக்கிறேன்.

மாறாக ஓசாஃபுனேயைப் பாருங்கள். போர்த்தலைவன் ஊயெசுகி கென்ஷினிடம் இருந்ததாகச் சொல்லப்படும் சான்சோமோ என்ற 13ஆம் நூற்றாண்டு வாளை வாங்க, ஓசாஃபுனே அடங்கிய செத்தோஉச்சி நகராட்சி நாடெங்கும் நன்கொடை திரட்டி, 2020இல் 50 கோடி யென் கொடுத்தது. அதன் நகாகோவில் கொல்லர் பெயரே இல்லை. ஆனாலும் அது தங்கள் மண்ணில் அடித்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பூசை அறையிலோ பழைய வாள், குத்துவாள், ஈட்டி முனை, முன்னோர் பட்டறைக் கருவி ஏதாவது இருந்தால் உப்புத்தாளையும் எலுமிச்சையையும் புளியையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிடி தளர்ந்திருந்தால் உள்ளே எழுத்து இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம் போதும்.